சோப்புக் குமிழிக்கு மின்னூட்டம் கொடுத்தால் பெரிதாகுமா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

"சோப்புக் குமிழிக்கு எதிர் மின்னூட்டம் கொடுத்தால் அதன் ஆரம் என்னவாகும்?" நுழைவுத்தேர்வுப் பயிற்சிகளில் அடிக்கடி வரும் கேள்வி இது. 'அதிகரிக்கும்' என்பதுதான் விடை. அதைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். எவ்வளவு அதிகரிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்கும். நாலா பக்கமும் மூடிய குமிழியில் அந்த மாற்றம் கண்ணுக்கும் தெரியாது, செல்போன் கேமராவுக்கும் தெரியாது. உள்ளே இருக்கும் காற்று போய்வர வழி இருக்கிற குமிழியில்தான் மின்னூட்டத்தின் வேலையை அளந்து பார்க்க முடியும்.

பள்ளிக் கண்காட்சிக்கு இதைச் செய்ய நினைக்கும் பிள்ளைகளையும், அவர்களுக்குக் கைகொடுக்கும் அப்பா அம்மாக்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு சாதாரண வீட்டில் கிடைக்கிற பொருள்களே போதும்.

முதலில் கொஞ்சம் கணக்கு

கணக்கைப் பார்க்காமல் சோதனையில் இறங்கினால், எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் போய்விடும். அதனால் இதைத் தாண்டிப் போக வேண்டாம்.

குமிழியின் தோல் ஒரு மெல்லிய நீர்ப்படலம். அதற்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு பரப்புகள். இரண்டும் சுருங்கப் பார்க்கின்றன. அதனால் உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சற்று அதிக அழுத்தத்தில் இருக்கும். பரப்பு இழுவிசையை 4 ஆல் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் அந்தக் கூடுதல் அழுத்தம் கிடைத்துவிடும். சோப்புக் கரைசலின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 0.025 நியூட்டன். 2 சென்டிமீட்டர் ஆரமுள்ள குமிழிக்குக் கணக்குப் போட்டால் 5 பாஸ்கல் வருகிறது. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல்.

இப்போது குமிழிக்கு மின்னூட்டம் கொடுக்கிறோம். ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் படலம் முழுவதும் வெளிநோக்கித் தள்ளப்படும். சுருங்கப் பார்க்கும் இழுவிசைக்கு எதிராக இந்தத் தள்ளல் வேலை செய்கிறது. மின்னூட்டத்தை இரு மடங்காக்கினால் தள்ளல் நான்கு மடங்காகும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. மின்னூட்டம் பெற்ற திரவத்துளி எந்த அளவுக்குத் தாங்கும் என்று 1882ஆம் ஆண்டிலேயே ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். மின் தள்ளல் பரப்பு இழுவிசையின் அழுத்தத்தை எட்டும்போது உருண்டை வடிவம் குலையத் தொடங்குகிறது. அதே கணக்கு குமிழிக்கும் பொருந்தும். நம் 2 சென்டிமீட்டர் குமிழிக்கு அந்த எல்லை 5 பாஸ்கல். அதை எட்டச் சுமார் 21,000 வோல்ட் வேண்டும். மின்னூட்டமாகச் சொன்னால் 47 நானோகூலூம் (கூலூம் என்பது மின்னூட்டத்தின் அலகு), மிகச் சிறிய அளவு.

சரி, அந்த எல்லை வரைக்கும் ஏற்றிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். மூடிய குமிழி எவ்வளவு பெரிதாகும்? உள்ளே இருக்கும் காற்று ஒரு லட்சம் பாஸ்கலில் இருக்கிறது. அதில் 5 பாஸ்கல் குறைந்தால் கன அளவு கூடுவது 0.005 சதவீதம். ஆரத்தில் அது 0.0003 மில்லிமீட்டர். அவ்வளவுதான். ஒரு குமிழியைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கினால் காற்றழுத்தம் ஏறக்குறைய இதே அளவு குறையும், குமிழியும் இதே அளவு பெரிதாகும். அறையின் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் வரும் மாற்றம் இதைப்போல் அறுபது மடங்குக்கு மேல். மதியம் ஜன்னல் வழியே வெயில் விழும் மேசையில் சோதனை செய்துவிட்டு "மின்னூட்டத்தால் குமிழி பெரிதாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், பெரிதாக்கியது வெயில்தான்.

நாளும் இடமும்

இந்தச் சோதனையின் பெரிய தலைவலி இதுதான். குமிழிக்கு ஈரக்காற்று பிடிக்கும், மின்னூட்டத்துக்கு உலர்ந்த காற்று பிடிக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த முடியாது. மின்னூட்டத்தின் பக்கம் சாய்ந்துகொள்வது நல்லது. குமிழி உடைந்தால் இன்னொன்று ஊதலாம். மின்னூட்டம் நிற்கவில்லை என்றால் சோதனையே இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் முயல வேண்டாம். பங்குனி, சித்திரையில் முற்பகலும் பிற்பகலும் திருநெல்வேலிப் பக்கம் காற்று நன்றாக உலர்ந்திருக்கும். ஆனி, ஆடியில் காற்று உலர்ந்துதான் இருக்கும், ஆனால் மேல்காற்று வீட்டுக்குள் புகுந்து குமிழியை நிற்க விடாது. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். அதே மாதங்களில் குற்றாலம், தென்காசிப் பக்கம் சாரல் என்பதால் அங்கே இருப்பவர்கள் வேறு மாதம் பார்த்துக்கொள்ளலாம். உவரி, கூடங்குளம் போன்ற கடற்கரை ஊர்க்காரர்களுக்குக் கடல்காற்றின் ஈரம் தொல்லை தரும். ஏசி அறை ஒன்று கிடைத்தால் எந்த ஊராக இருந்தாலும் கவலை இல்லை. ஏசி காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடும்.

கரைசல்

குளிக்கும் சோப்பு வேண்டாம். நாங்குநேரி, திசையன்விளைப் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் படியும். பாத்திரம் கழுவும் திரவம் இந்த உப்பை ஓரளவு சமாளிக்கும். தண்ணீர் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ போதும்.

ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி பாத்திரத் திரவம், ஒரு மேசைக்கரண்டி கிளிசரின். கிளிசரின் மருந்துக்கடையில் கிடைக்கும். அது தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்துவதால் உலர்ந்த காற்றிலும் குமிழி கொஞ்சம் நிற்கும். நுரை வராமல் மெதுவாகக் கலக்கி ஓர் இரவு மூடி வையுங்கள். காட்டாமணக்கு இலைக்காம்பை ஒடித்து, அதில் ஊறும் பாலைக் குமிழியாக ஊதி விளையாடியவர்கள் நம்மில் உண்டு. அது விளையாட்டுக்குச் சரி. இங்கே ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிக் குமிழி வேண்டும் என்பதால் அளந்து கலக்கிய கரைசல்தான் உதவும்.

மின்னூட்டம் தயாரித்தல்

வீட்டு மின்சாரத்தைத் தொடவே கூடாது. கொசு பேட்டைக் கழற்றுவது, பழைய டிவியில் இருந்து பாகம் எடுப்பது எல்லாம் வேண்டாத வேலை. உரசி வரும் மின்னூட்டமே ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுக்கும். மின்னூட்டத்தின் அளவு மிகக் குறைவு என்பதால் கை பட்டாலும் ஒரு சுருக்கென்ற குத்தலோடு போய்விடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் பக்கத்தில் வர வேண்டாம்.

இதற்கு நல்ல கருவி, 1775இல் வோல்டா பரவலாக்கிய எலக்ட்ரோஃபோரஸ். பெயர்தான் பெரிது, செய்வது எளிது. ஒரு தெர்மாகோல் அட்டை. அதைவிடச் சிறிய, ஓரம் மழுங்கிய அலுமினியத் தட்டு. தட்டின் நடுவில் கைப்பிடியாக அரை அடி பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். ஓரம் கூராக இருந்தால் மின்னூட்டம் அந்த வழியாகக் காற்றில் கசிந்துவிடும். அதனால் தகரத்தை வெட்டித் தட்டு செய்ய வேண்டாம்.

தெர்மாகோலைக் கம்பளியால் நன்றாக உரசுங்கள். திருநெல்வேலி வெயிலில் கம்பளிக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய்வந்த வீட்டில் ஒரு மங்கி கேப்பாவது பரண்மேல் கிடக்கும். அதுவும் இல்லையென்றால் உலர்ந்த தலைமுடி, ஆனால் எண்ணெய் தேய்த்த தலை ஆகாது. உரசியதும் அலுமினியத் தட்டைக் கைப்பிடியால் பிடித்துத் தெர்மாகோல் மேல் வையுங்கள். வைத்தபடியே தட்டை விரலால் ஒரு தடவை தொடுங்கள். விரலை எடுங்கள். அப்புறம் கைப்பிடியைப் பிடித்துத் தட்டைத் தூக்குங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. தூக்கிய தட்டில் இப்போது நேர் மின்னூட்டம் இருக்கும். விரல் முட்டியை அருகில் கொண்டுபோனால் சிறு பொறி பறக்கும். பொறியின் நீளம் ஒரு மில்லிமீட்டர் என்றால் தோராயமாக 3,000 வோல்ட். மூன்று மில்லிமீட்டர் வந்தால் பத்தாயிரத்தை நெருங்கிவிட்டோம். தெர்மாகோலை மறுபடி உரசாமலே பலமுறை இப்படித் தட்டுக்கு மின்னூட்டம் ஏற்றலாம்.

இதோடு, பார்சல் கட்டும் அலுமினிய ஃபாயிலில் இரண்டு மெல்லிய கீற்றுகளை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். சோதனைப் பொருளின் ஓரத்தில் இரண்டையும் சேர்த்துத் தொங்கவிட்டால், மின்னூட்டம் இருக்கும் வரை அவை விலகி நிற்கும். கசிந்துவிட்டால் ஒட்டிக்கொள்ளும். இது இல்லாமல் சோதனை செய்தால், மின்னூட்டம் இருந்ததா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது.

முதல் சோதனை: மூடிய குமிழி

ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து அதன் மேல் எவர்சில்வர் தட்டு ஒன்றை வையுங்கள். தட்டின் நடுவில் கரைசலைத் தடவி, ஸ்ட்ராவால் ஓர் அரைக்கோளக் குமிழி ஊதி, ஸ்ட்ராவை மெதுவாக உருவிவிடுங்கள். விட்டம் 4 சென்டிமீட்டர் இருந்தால் பார்க்க வசதி. குமிழியின் நடுவுக்கு நேராக, பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்துங்கள். செல்போனைப் புத்தக அடுக்கின் மேல் குமிழியின் உயரத்துக்கே வைத்து, மூன்று அடி தள்ளி ஜூம் செய்து படம் எடுங்கள். கிட்டே வைத்து எடுத்தால் அளவு ஏமாற்றும்.

முதலில் மின்னூட்டம் இல்லாமல் ஒரு படம். பிறகு எலக்ட்ரோஃபோரஸ் தட்டை எவர்சில்வர் தட்டின் ஓரத்தில் தொட்டுவிட்டு ஒரு படம். ஃபாயில் கீற்றுகள் விலகியிருக்க வேண்டும். இரண்டு படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருக்காது. 4 சென்டிமீட்டர் குமிழி படத்தில் 2,000 புள்ளி (பிக்சல்) அகலத்துக்கு வந்தால்கூட, மேலே சொன்ன மாற்றம் ஒரு புள்ளியில் முப்பதில் ஒரு பங்குதான். 'மாற்றம் தெரியவில்லை' என்பதுதான் இங்கே சரியான முடிவு. நோட்டில் அதை அப்படியே எழுதுங்கள்.

அடுத்து, எவர்சில்வர் தட்டை ஒரு கையால் தொட்டுக்கொண்டு, கம்பளியால் உரசிய பிவிசி குழாயைக் குமிழியின் தலைக்கு மேலிருந்து மெதுவாக இறக்குங்கள். இப்போது நன்றாகவே தெரியும். குமிழி எழும்பும், உச்சி குழாயை நோக்கி நீளும். குழாயை விலக்கினால் பழைய உருவத்துக்குத் திரும்பும். ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் உச்சி கூம்பாகி உடையும். பார்க்கிறவர்கள் 'பெரிதாகிவிட்டது' என்பார்கள். உள்ளே அதே காற்றுதான் இருக்கிறது. உயரம் கூடியபோது இடுப்பு ஒடுங்கியதைப் படத்தில் அளந்து காட்டுங்கள். மாறியது வடிவம், கன அளவு மாறவில்லை.

1925இல் இயற்பியலாளர்கள் சி.டி.ஆர். வில்சனும் ஜி.ஐ. டெய்லரும் செய்து பார்த்தது கிட்டத்தட்ட இதைத்தான். இடிமேகத்துக்குள் இருக்கும் மின்புலத்தில் மழைத்துளி என்ன பாடுபடும் என்று தெரிந்துகொள்ள, துளிக்குப் பதிலாகச் சோப்புக் குமிழியை வைத்துச் சோதித்தார்கள். நம் ஊரிலும் வானத்து மின்சாரத்தை அளக்கிறவர்கள் இருக்கிறார்கள். திருநெல்வேலிக்குப் பக்கத்தில், சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. காந்த நடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு) அருகில் இருப்பதால் தேர்ந்தெடுத்த இடம் அது. மேகமில்லாத நாளில்கூடத் தரைக்கு மேல் மீட்டருக்குச் சுமார் 100 வோல்ட் அளவில் மின்புலம் இருக்கும். நம் குமிழியை அசைக்க அது போதாது.

இரண்டாவது சோதனை: வழி திறந்த குமிழி

கண்காட்சிக்கு உகந்தது இதுதான். இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஊதுகுழலின் நுனியில் குமிழியை ஊதி, வாயை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பரப்பு இழுவிசை காற்றைப் பின்பக்கமாக வெளியே தள்ள, குமிழி சுருங்கிக்கொண்டே வந்து மறைந்துவிடும். அந்தக் காற்றைத் தள்ளுவது வெறும் 3 முதல் 5 பாஸ்கல். இங்கே ஒரு லட்சம் பாஸ்கல் குறுக்கே நிற்கவில்லை, ஏனென்றால் உள்ளும் வெளியும் ஒரே காற்று. ஆகவே மின்னூட்டம் ஒரு பாஸ்கல் எதிர்த்துத் தள்ளினாலும் சுருங்கும் வேகத்தில் அது தெரிய வேண்டும்.

வாய் அகலம் 2 முதல் 3 சென்டிமீட்டர் உள்ள சிறிய உலோகப் புனல் ஒன்று வாங்குங்கள். பாத்திரக்கடையில் கிடைக்கும். சாதாரண ஸ்ட்ரா அளவுக்குத் துளை இருந்தால் குமிழி ஓரிரு வினாடியில் சுருங்கிப்போய், அளக்க நேரம் இருக்காது. அதனால் காலியான பால்பாயிண்ட் ரீஃபிலை உள்ளே கழுவி, 3 சென்டிமீட்டருக்கு வெட்டி, புனலின் வாலில் செருகி, சுற்றிலும் எம்-சீல் வைத்து அடையுங்கள். இனி காற்று போக அந்த மெல்லிய துளை மட்டுமே வழி. புனலைப் பிவிசி குழாய் ஒன்றின் முனையில், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டி, குழாயின் மறுமுனையை மேசை விளிம்பில் புத்தகம் வைத்து அழுத்துங்கள். புனலைக் கையில் பிடிக்கக் கூடாது. பிடித்தால் மின்னூட்டம் உடம்பு வழியே தரைக்குப் போய்விடும். ஃபாயில் கீற்றுகளைப் புனலின் வாலில் தொங்கவிடுங்கள்.

புனல் வாயைக் கரைசலில் நனைத்து, ரீஃபில் வழியாக 6 சென்டிமீட்டர் விட்டத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஊதி, வாயை எடுங்கள். பின்னால் நிறுத்திய அளவுகோலைப் பார்த்து, விட்டம் 6 சென்டிமீட்டராகும்போது செல்போன் நிறுத்தக் கடிகாரத்தைத் தட்டி, 4 சென்டிமீட்டரானதும் நிறுத்துங்கள். ரீஃபில் துளையைப் பொறுத்து அரை நிமிடத்தை ஒட்டி வரும். இது மின்னூட்டம் இல்லாத நேரம்.

அடுத்த குமிழிக்கு, வாயை எடுத்த உடனே எலக்ட்ரோஃபோரஸ் தட்டைப் புனலின் வாலில் தொடுங்கள். குமிழியைத் தொட்டுவிடக் கூடாது, பொறி பட்டால் உடையும். கீற்றுகள் தளரத் தொடங்கினால் தட்டுக்கு மறுபடி ஏற்றி இன்னொரு முறை தொடுங்கள். நேரத்தைக் குறியுங்கள். மூன்றாவது குமிழிக்கு மின்னூட்டம் இல்லாத தட்டைக் கொண்டுவந்து அதேபோல் தொடுங்கள். கை ஆட்டம், காற்றசைவு இவற்றால் வரும் வித்தியாசத்தைப் பிரித்தறிய இது அவசியம். இப்படி மாற்றி மாற்றிச் செய்து ஒவ்வொன்றுக்கும் சராசரி எடுங்கள். இன்று எல்லாம் மின்னூட்டத்தோடு, நாளை எல்லாம் இல்லாமல் என்று பிரித்துச் செய்தால் வெப்பநிலையும் கரைசலும் மாறி, கணக்கு கெடும்.

எவ்வளவு வித்தியாசம் எதிர்பார்க்கலாம்? குமிழி 10,000 வோல்ட்டில் நின்றால், 3 சென்டிமீட்டர் ஆரத்தில் மின் தள்ளல் இழுவிசை அழுத்தத்தில் சுமார் 15 சதவீதம். 2 சென்டிமீட்டருக்குச் சுருங்கும்போது 22 சதவீதம். அந்த அளவுக்குச் சுருக்கம் மந்தமாக வேண்டும். உங்களுக்குக் குறைவாகத்தான் வரும். உலோகப் புனலும் மின்னூட்டத்தில் பங்கு கேட்கும், காற்றில் கசிவும் இருக்கும். சராசரியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் தெரிந்தாலே நல்ல சோதனை என்பேன்.

குமிழி சிறிதாக ஆக மின்னூட்டத்தின் கை ஓங்குவதை இங்கே கவனியுங்கள். மின்னூட்டம் கசியாமல் அப்படியே இருந்தால், ஆரம் பாதியாகும்போது இழுவிசையின் அழுத்தம் இரண்டு மடங்காகும், மின் தள்ளலோ பதினாறு மடங்காகும். அதனால் கொள்கையளவில், மின்னூட்டம் பெற்ற திறந்த குமிழி முழுக்கச் சுருங்கி மறையாது. ஓர் அளவில் வந்து நிற்கும். 2 சென்டிமீட்டரில் நிற்க வேண்டுமானால் அதே 21,000 வோல்ட். அதற்கு மேல் போனால் துளை வழியே காற்றை உள்ளே இழுத்துப் பெரிதாகவும் வேண்டும். ஆனால் ராலே சொன்ன எல்லையும் அதே இடத்தில்தான் இருக்கிறது, உருண்டை குலையத் தொடங்கிவிடும். வீட்டில் அதுவரை போக முடியாது, போக வேண்டியதும் இல்லை.

சரியாக வராவிட்டால்

பெரும்பாலும் கோளாறு ஈரத்தில்தான். பிவிசி குழாயில் கரைசல் சொட்டியிருந்தால் அந்த ஈரத்தடம் வழியே மின்னூட்டம் ஓடிவிடும். துடைத்து, வெயிலில் அரைமணி நேரம் காயவைத்து எடுங்கள். தெர்மாகோலும் கம்பளியும் அப்படியே. ரீஃபிலில் கரைசல் அடைத்துக்கொண்டால் குமிழி சுருங்காமல் நிற்கும். மின்னூட்டம்தான் நிறுத்திவிட்டது என்று மகிழ்ந்துவிடாமல் ஒருமுறை ஊதிப் பாருங்கள். கீற்றுகள் விலகியே இருந்தும் வித்தியாசம் வரவில்லை என்றால், புனல் வாய் பெரிதாக இருக்கலாம். சிறிய புனலாக மாற்றுங்கள்.

கண்காட்சி மேசையில் நடுவர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. நேர் மின்னூட்டம் கொடுத்தால் சுருங்குவது தாமதமாகிறது, எதிர் மின்னூட்டம் கொடுத்தால் வேகமாகச் சுருங்குமா? சுருங்காது. தள்ளல் மின்னூட்டத்தின் இருமடியைப் பொறுத்தது, அதனால் நேரோ எதிரோ இரண்டும் வெளிப்பக்கமாகவே தள்ளும். வாயால் சொல்வதைவிடச் செய்தே காட்டிவிடலாம். எலக்ட்ரோஃபோரஸ் தட்டு நேர் மின்னூட்டம் தருகிறது. கம்பளியால் உரசிய இன்னொரு பிவிசி குழாயைப் புனலின் வாலில் நீளவாக்கில் சில முறை இழுத்துத் தேய்த்தால் எதிர் மின்னூட்டம் ஏறும். அதையும் அதே மாதிரி நேரம் பார்த்து, அட்டவணையில் நான்காவது வரிசையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.